இரண்டு முட்டைக்கோஸ்கள்

முந்நூறு வருடத்துப் பழைய ஓவியத்தின் மீது, படங்களைச் செப்பனிடும் லுவோ வெந்நீரை ஊற்றியபோது, பான் ஹுய்லிங் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"பயப்படாதீங்க டைரக்டரம்மா. பழைய பசை இளகினாத்தான் தாள் எப்படிப்பட்டதுன்னு பார்க்க முடியும்."

ஊரே தாமரை வரைந்த காலத்தில் முட்டைக்கோஸ் வரைந்த ஒரு கிறுக்கரின் படம் அது. மரபை மீறிய மை ஓவியர்களுக்கான அந்த அருங்காட்சியகத்தின் உயிரே அதில்தான் இருந்தது. காலையில் ஃபெங் என்ற சேகரிப்பாளர், ஷாங்காய் ஏலத்தில் எடுத்ததாகச் சொல்லி, அச்சு அசலாக அதே முட்டைக்கோஸை மேஜையில் விரித்துவிட்டார். அதில் மை இன்னும் அழுத்தமாக இருந்தது.

"உங்களோடது சூப்புக்குத்தான் லாயக்கு. மத்தியானம் பத்திரிகைக்காரங்க வர்றாங்க," என்றார் ஃபெங். "ஓவியரோட சிவப்பு முத்திரையப் பாருங்க, துவைச்ச மாதிரி வெளுத்திருக்கு!"

"உங்களோடது மட்டும் பளிச்சுனா இருக்கு?"

வாய் பேசியதே தவிர, வேலை போய்விடுமே என்று பானுக்குப் பயம். அதனால்தான், முப்பது வருடம் முன்பு இந்தப் படத்துக்குப் பின்தாள் ஒட்டிய லுவோவையே ஆள் அனுப்பி வரவழைத்திருந்தாள்.

லுவோ இரண்டு படங்களின் ஓரத்தையும் நகத்தால் நெருடினார்.

"ரெண்டுமே அசல்."

"அது எப்படிய்யா?" ஃபெங் எகிறினார்.

"கெட்டித் தாள் சார். பார்க்க ஒண்ணு, உள்ளே மெல்லிசா அடுக்கடுக்கா இருக்கும். மை அடிவரைக்கும் ஊறிடும். பின்தாள் ஒட்டுறப்போ ஈரத்துல பக்குவமா உரிச்சா அடுக்குக்கு ஒரு படம். கீழே போகப் போக வெளிறும்."

பானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஃபெங்கின் முகமோ அவளுடையதைவிடப் பிரகாசமானது.

"அப்போ மேல் அடுக்கு என்னோடது! அந்த ஓவியரோட தூரிகை பட்டது என்னோடதுலதான்!"

"இல்லைங்க. முத்திரைச் சிவப்பு எண்ணெயில குழைச்சது, மை மாதிரி இறங்காது. மேல் அடுக்கா இருந்தா ரத்தமா சிவந்திருக்கும். இந்தத் தாளுக்கு மூணு அடுக்கு. உங்களோடது நடு அடுக்கு."

ஃபெங்கின் சிரிப்பு பாதியில் நின்றது. "மேல் அடுக்கு எங்கேய்யா போச்சு?"

லுவோ ஈரக் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டே கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

"அதை மட்டும் விக்க மனசு வரலை, சார்."