ஆளுக்கொரு தாள்

தையல் வகுப்புக் கத்தரிக்கோலோடு உள்ளே வந்தார் மதர் எஸ்கொலாஸ்டிகா. முப்பத்தெட்டுப் பெண்களும் எழுந்து நின்றார்கள். கத்தரிக்கோலைப் பார்த்த பிறகு யாருக்கும் உட்காரத் தோன்றவில்லை.

அவர் பின்னாலேயே வந்தார் பாதர் பெனிட்டோ. ஆயர் இல்லத்துச் செயலாளர். நனைந்த குடையை மூலையில் சாய்த்துவிட்டு, மேசைமேல் இருந்த நாவலை ஏதோ செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

ஸ்பானியர்கள் சுட்டுக் கொன்ற மாவீரர் எழுதிய நாவல் அது. அவருடைய வாழ்க்கையையும் எழுத்தையும் எல்லாக் கல்லூரியிலும் நடத்தியே தீர வேண்டும் என்று மணிலாவில் சட்டம் போட்டு ஒரு வருடம் ஆகிறது. நாவலுக்குள்ளே பாதிரிமார்களைக் கிழிகிழி என்று கிழித்திருக்கிறாராம். சட்டத்தைத் தொட முடியாத ஆத்திரத்தில், வெட்ட வேண்டிய தாள்களுக்குப் பட்டியல் அனுப்பிவிட்டது ஆயர் இல்லம்.

பெண்களை உட்காரச் சொல்லிவிட்டுப் பாதர் எண்களைப் படிக்கப் படிக்க, மதர் அடிஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஓர் எழுத்துகூட அறுபடாமல் ஓரமாக வெட்டி எடுத்தார்.

“என்னம்மா, கல்யாணக் கவுனா தைக்கப் போறீங்க? கிழிச்சுப் போடுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது, பாதர்.”

மூன்றாவது பெஞ்சில் லியோனிலாவுக்கு வயிறு எரிந்தது. கல்லூரிக்கே அந்த ஒரு பிரதிதான். அவள் முறை வர இன்னும் இருபது பேர் பாக்கி. ஜீப்னி என்கிற வாடகை ஜீப் ஓட்டும் அவள் அப்பாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் வீட்டில் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்திலேயே மாவீரர் படத்தை மாட்டியிருக்கிறார். ‘அவரு என்னதான் எழுதினாருன்னு படிச்சுச் சொல்லு மகளே’ என்று தினமும் அரித்துக்கொண்டிருக்கிற மனுஷன்.

எழுந்துவிட்டாள்.

“மதர், சட்டம் இதைப் படிக்கணும்னுதான் சொல்லுது. வெட்டணும்னு சொல்லலியே.”

“ஏய், உக்காருடி,” என்று பாவாடையைப் பிடித்து இழுத்தாள் பக்கத்தில் இருந்த பெட்ரோனா.

பாதர் நிமிர்ந்தார். “சட்டம் பேசுறியா? அதுல எங்களை எப்படித் திட்டியிருக்கான்னு தெரியுமா உனக்கு?”

“தெரியாது, பாதர். அந்தப் பக்கத்தைத்தான் வெட்டிட்டீங்களே.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். மதர் தலையைத் தூக்கவே இல்லை. கடைசித் தாளையும் வெட்டி, அடுக்கி, எண்ணினார். நாற்பது.

“முற்றத்துல போட்டுக் கொளுத்திடுங்க,” என்றார் பாதர்.

“மழை ஊத்துது. ஊத்தாட்டியும் வேணாம். மாவீரர் புத்தகத்தைக் கொளுத்திட்டாங்கன்னு நாளைக்கே பேப்பர்ல வரும். ஆளுக்கொரு தாளாக் கொடுத்துடறேன். அவங்கவங்க வீட்டு அடுப்புல போடட்டும்.”

பாதர் யோசித்தார். “படிச்சுட்டா?”

“ஒத்தைத் தாள்ல தலையும் புரியாது, வாலும் புரியாது. தன் கையாலேயே நெருப்புல போட்டாத்தான் இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் புத்தி வரும்.”

பாதருக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது.

“நான் எரிக்க மாட்டேன்,” என்றாள் லியோனிலா.

பாதர் முகம் சிவந்தது. “சீட்டைக் கிழிச்சு வீட்டுக்கு அனுப்புங்க இவளை.”

“இவளை என்கிட்ட விடுங்க, பாதர். ஆளுக்கு ஒண்ணு போக மீதி ரெண்டு இருக்கு. அதுவும் இவளுக்குத்தான். மூணையும் எரிக்கலைன்னா டிகிரி கிடையாது.”

பாதர் திருப்தியாகச் சிரித்தார். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மதர் ஒவ்வொரு மேசையாகத் தாள்களை வைத்துக்கொண்டு வந்தார். லியோனிலாவுக்கு மூன்று தாள்கள். இரண்டு மாதம் பல்லைக் கடித்தால் டீச்சர் ஆகிவிடலாம். அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டில் ஐந்து வயிறு காத்திருக்கிறது.

தாள்களை எடுத்துக்கொண்டு போய் மதரின் மேசைமேல் வைத்தாள்.

“எனக்கு டிகிரி வேணாம், மதர். துணி துவைச்சுப் பொழைச்சுக்கிறேன். இதை எரிச்சுட்டு நாளைக்கு நான் பிள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லித் தரப் போறேன்? எங்கப்பா முகத்துல எப்படி முழிப்பேன்?”

அழுகை வந்தது. ஆனால் தலையைக் குனியவில்லை.

மதர் ஜன்னலுக்குப் போனார். அந்தக் கறுப்புக் குடை தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து வகுப்புக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

“எரிச்சுத்தான் ஆகணும். பாதருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்,” என்று சொல்லி, மூன்று தாள்களையும் அவள் கையிலேயே திருப்பி வைத்தார். அப்புறம் முப்பத்தெட்டுப் பேரையும் ஒருமுறை பார்த்தார்.

“நாளைக்கு முதல் மணியில, பக்க வரிசைப்படி ஒவ்வொருத்தியா எழுந்து ஒப்பிக்கணும். மனப்பாடம் பண்ணிட்டு எரிங்க.”