இன்னாசி சொன்னது

காப்பகத்தில் இருக்கும் பேச்சு வராத தம்பி இன்னாசியின் முதுகில் பெல்ட் தடங்களைக் கண்டதும் செலின் காப்பகத்தின் மீது புகார் கொடுத்தாள். நகராட்சிக் குழு விசாரணைக்கு அழைத்தது. மனதில் நினைப்பதைப் பேசும் கருவி ஒன்றைக் காப்பகத்தார் அவன் கழுத்தில் மாட்டி அழைத்து வந்திருந்தார்கள்.

"அங்க எப்படி இருக்கீங்க தம்பி?" என்று குழுத் தலைவி கேட்டார்.

"சந்தோஷமா இருக்கேன். அக்கா இனிமே வர வேண்டாம்," என்றது கருவி.

இன்னாசியோ செலினின் முந்தானையை இறுகப் பற்றியிருந்தான்.

"அவன் கையப் பாருங்கம்மா!" என்று கதறினாள் செலின்.

"அவரே சொல்லிட்டாரே. நீங்க குறுக்க பேசாதீங்க." தலைவி புகாரைத் தள்ளுபடி செய்து கையெழுத்திட்டார்.

காப்பக ஊழியர்கள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். தொண்டை கிழிய அலறினான்.

"எல்லாருக்கும் ரொம்ப நன்றி," என்றது கருவி.