பூந்தொட்டிக்கு அடியில் சாவி

“நோரீன், இப்பவே சொல்லிடறேன். திங்கட்கிழமை வரைக்கும்தான் கெடு. அதுக்குள்ள இந்த ஊர் எனக்குப் பிடிக்கலைன்னா, ஏரிக்கரைக்குக் குடிபோற பேச்சே நம்ம வீட்டுல மறுபடி வரக்கூடாது.”

பெட்டிகளை வாசற்படியில் போட்டுவிட்டு கிளிஃபர்ட் மூச்சு வாங்கினார். கனடாவில் நன்றி நாளுக்கு மூன்று நாள் விடுமுறை. டொராண்டோவிலிருந்து நாலு மணி நேரம் கார் ஓட்டி வந்த எரிச்சல் வேறு.

“பிடிச்சுப்போச்சுன்னா?”

“டொராண்டோ வீட்டை வித்துட்டு வந்துடலாம். ஆனா பிடிக்காது, பாரேன். சின்ன ஊர்க்காரங்க ரோட்டுல பாத்தா கை ஆட்டுவாங்க, அதோட சரி. நானும் நீயும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்.”

நாலு வருஷ ஆசை நோரீனுக்கு. அது மூன்றே நாளில் பாஸா, பெயிலா என்று தெரிந்துவிடும்.

வீடு வாடகைக்கு விடும் பெர்னிஸ், “பச்சைக் கூரை, படியில பூந்தொட்டி, தொட்டிக்கு அடியில சாவி” என்று போனில் சொல்லியிருந்தாள். கூரை பச்சை, தொட்டியில் சாமந்தி, அடியில் சாவி. எல்லாம் சரியாக இருந்தது.

“ஏங்க, இங்க வந்து பாருங்களேன்! பிரிட்ஜ் நிறைய கோழி, காய்கறி, வெண்ணெய்! வாடகைக்கு வர்றவங்களுக்கு யாரு இவ்வளவு செய்வாங்க?”

“எல்லாம் நம்மளை மயக்கத்தான்,” என்றார் கிளிஃபர்ட். எதிலாவது ஒரு குற்றம் கண்டுபிடிக்காவிட்டால் மனுஷருக்குச் சாப்பாடு இறங்காது.

கோழி சூப் கொதித்துக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். அறுபது வயசுக்காரர் ஒருவர், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“மன்னிக்கணும், தொந்தரவு பண்றேன். என் பேரு ஆர்வில். வந்து... இந்த வீடு...”

“ஓ, வீட்டைப் பாத்துக்கிறவரா?” நோரீன் முந்திக்கொண்டாள்.

ஆர்வில் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் இருந்த அடுப்பைப் பார்த்தார்.

“ஆமாம்மா. பாத்துக்கிறவன்தான். வசதியெல்லாம் சரியா இருக்கான்னு கேட்டுட்டுப் போகலாம்னு...”

“அதுக்கு எதுக்கு வாசல்ல நிக்கறீங்க? உள்ள வாங்க, சூடா சூப் குடிங்க.”

இன்னொரு முறை “மன்னிக்கணும்” சொல்லிவிட்டுத்தான் பூட்ஸைக் கழற்றினார். அந்த ஊரில் மன்னிப்புக் கேட்காமல் யாரும் தும்மக்கூட மாட்டார்கள். ஆனால் சூப் விஷயத்தில் ஆர்வில் கூச்சப்படவில்லை. ரெண்டு கிண்ணம் குடித்தார்.

மறுநாள் காலை குழாயில் தண்ணீர் நின்றுபோனது. “சொன்னேனா இல்லையா!” என்று கிளிஃபர்ட் குதிப்பதற்குள் ஆர்வில் ஸ்பானருடன் வந்துவிட்டார்.

“பம்பு தலையில ரெண்டு தட்டு தட்டணும் சார். வயசாயிடுச்சு அதுக்கு. என்னை மாதிரியே தட்டினாத்தான் எழுந்திருக்கும்.”

கிளிஃபர்ட் சிரித்துவிட்டார். நோரீன் அதைக் கவனித்துக்கொண்டாள். அவளுக்கு லேசாக நம்பிக்கை வந்தது.

பகலில் ஆர்வில் கிளிஃபர்டைப் படகில் கூட்டிக்கொண்டு போனார். கிளிஃபர்ட் வாழ்க்கையிலேயே முதல் மீனைப் பிடித்துவிட்டு, எழுந்து நின்று கூச்சல் போட்டார்.

“இத்துனூண்டு மீனுக்கு இத்தனை சத்தமா? மத்த மீனெல்லாம் பயந்து அடுத்த ஏரிக்குக் குடிபோயிருக்கும் சார்! உக்காருங்க, கவுத்துடாதீங்க!”

“பொறாமைய்யா உமக்கு!”

கடைத்தெருவில் நோரீனைப் பார்த்தவர்களெல்லாம் நின்று பேசினார்கள். “ஆர்விலுக்கு சூப் போட்டவங்க நீங்கதானே?” என்று ரொட்டிக்கடைக்காரி விழுந்து விழுந்து சிரித்து, சூடான வெண்ணெய் டார்ட் இனிப்பு ஆறு, காசு வாங்காமல் கொடுத்தாள். ரெண்டு கிண்ணம் சூப்புக்கு ஊரே இப்படிச் சந்தோஷப்படுமா என்று நோரீனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அன்று மாலை மூவரும் மீன் வறுவலோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“ஆர்வில், வெக்கத்தை விட்டுக் கேக்கறேன். இந்த வீட்டுச் சொந்தக்காரர் இதை எனக்கு விப்பாரா?” என்று கேட்டார் கிளிஃபர்ட்.

ஆர்விலுக்குப் புரையேறியது. நோரீன் அவர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

“அது... கஷ்டம் சார். ஆள் சரியான பிடிவாதக்காரன். ஆனா எதிர்க்கரையில ஒரு வீடு விலைக்கு வருது. நான் பேசி முடிச்சுத் தர்றேன்.”

“பேசுங்க. நான் ரெடி.”

நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாஸ்!

திங்கட்கிழமை, ஊருக்குக் கிளம்பும் வழியில் பெர்னிஸின் கடையில் காரை நிறுத்தினார்கள்.

“சாவியைத் தொட்டிக்கு அடியிலேயே வச்சுட்டோம்,” என்றாள் நோரீன். “ஒரு நல்ல சேதி. நாங்க இந்த ஊருக்கே குடி வரப்போறோம்! எல்லாம் உங்க ஆர்வில் செஞ்ச வேலை. வீட்டைப் பாத்துக்க அவர் மாதிரி ஒருத்தர் எங்களுக்கும் கிடைப்பாரா?”

பெர்னிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “மன்னிக்கணும்மா. நீங்க குடி வர்றதா இருந்தா இனிமே மறைக்கக் கூடாது. அது ஆர்விலோட சொந்த வீடு. உங்களுக்கு நான் பேசினது அதுக்கு அடுத்த பச்சைக் கூரை. இந்த ஊர்ல எல்லாருமே பூந்தொட்டிக்கு அடியிலதான் சாவி வைப்போம்.”

கிளிஃபர்டின் முகம் தக்காளியாகச் சிவந்தது. “ஐயையோ! அப்போ மூணு நாளா அந்த மனுஷன் எங்கதான் படுத்தாரு?”

“உங்க வீட்டுலதான். ‘அந்தம்மா அடுப்புல சூப்பே வச்சுட்டாங்க, இனிமே போய் எப்படிச் சொல்றது? ஊர்ல யாரும் மூச்சு விடக்கூடாது’ன்னுட்டாரு,” என்றாள் பெர்னிஸ். “வீடு ரொம்ப வசதியா இருந்துச்சாம், வாடகை கட்டினதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாரு.”