ஆமை இல்லாதவரும் கரையானும்

கன்பூசியஸ் கோயில் முற்றத்தில் கல்வெட்டைச் சுமந்து நிற்கும் கற்சிலை ஓர் ஆமை என்று உலகம் நம்புகிறது. இது மன்னிக்க முடியாத பிழை. அவர் டிராகனின் மகன். சுமை என்றால் உயிரை விடுபவர் என்று சீன மரபு சொல்கிறது.

இந்த முற்றத்தில் நிற்பவருக்கோ அந்த ஆசை எப்போதோ விட்டுப்போயிற்று. கோயிலைப் புதுப்பிக்கும் ஒவ்வொருவரும் அந்தப் பெருமையைக் கல்லில் பொறித்து முற்றத்தில் நிறுத்திவிட்டுப் போவது அங்கே வழக்கம்.

"கரையானே, தூணைத் தின்னாதே. அது சாய்ஞ்சா புதுப்பிப்பாங்க. புதுப்பிச்சா இன்னொரு கல்லையும் என் முதுகிலே ஏத்துவாங்க."

"எனக்கும் வயிறு இருக்கே, ஆமையாரே."

"நான் ஆமை இல்லை."

"சரி, ஆமை இல்லாதவரே, அதுக்காக நான் கல்லையா திங்க முடியும்?"

தூண் சாய்ந்தது. தச்சர்கள் வந்தார்கள், கூரை புதிதாயிற்று. பயந்தபடியே கல்லும் வந்தது. ஆனால் அதைச் சுமக்க இன்னொரு டிராகன் மகனையும் செதுக்கிக் கொண்டுவந்து பக்கத்திலேயே வைத்தார்கள்.

"அண்ணே, இதை எப்போ இறக்குவாங்க?" என்றான் புதியவன்.

அண்ணனுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. அன்று பொழுது சாயும்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுவாரம், கிழக்குத் தூண் நல்ல ருசியான மரம் என்று கரையானிடம் அவரே சொன்னார்.