தெல்மாரின் கண்கள்

ஓவியக்காரி அதேலின் பாரிஸ் சிறைக்குள் போனபோது, புரட்சிச் சபையின் உறுப்பினர் தெல்மார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை அவர் தலையை வெட்டப்போகிறார்கள். அவர் போட்ட கையெழுத்துகளால் எத்தனையோ பேர் அதே கொலைமேடையில் ஏறியிருந்தார்கள். அதேலினின் கணவன் லூசியனும் அவர்களில் ஒருவன். அச்சடித்து விற்க அச்சுக்கூடத்துக்காரர் ஒருவர் தெல்மாரின் படம் கேட்டதும் அவள் ஒப்புக்கொண்டது, அந்த முகத்தின் கொடூரத்தை ஊருக்குக் காட்டத்தான்.

“லூசியன் மொரோவை ஞாபகம் இருக்கா?” என்று கேட்டாள்.

அவர் உண்மையாகவே யோசித்தார். “இல்லம்மா. நிறையப் பேரு. உங்களுக்கு வேண்டியவரா?”

“என் புருஷன்.”

“மன்னிச்சிடுங்க” என்றவர், அவள் வரைய வசதியாக முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் கொடுத்தார்.

கண் பார்த்ததை மாற்றி வரைய அவள் கைக்குத் தெரியாது. தாளில் வந்தவர் களைத்துப்போன, சாந்தமான, யாரும் நம்பிவிடக்கூடிய மனிதர்.

படம் நகரமெங்கும் விற்றது. சந்தையில் மீன்காரி ஒருத்தி அதைக் கடையில் ஒட்டியிருந்தாள். “இந்த மனுஷனா அத்தனை பேரைக் கொன்னிருப்பாரு?” என்று அதேலினிடமே கேட்டாள்.

அதேலின் மீன் வாங்காமல் வீட்டுக்கு வந்தாள். லூசியனின் படம் ஒன்றுகூட அங்கே இல்லை. கூடவே இருக்கிறவன்தானே, எப்போது வேண்டுமானாலும் வரையலாம் என்று இருந்துவிட்டாள். இப்போது தாளை விரித்தாள். நெற்றி வந்தது, தாடை வந்தது. கண்கள் மட்டும் தெல்மாருடையவையாக வந்தன. கோடுகளை அழிக்க வைத்திருந்த ரொட்டித் துண்டால் துடைத்துவிட்டு மறுபடி வரைந்தாள். மறுபடியும் அவரே பார்த்தார். அதற்குமேல் துடைக்க அவளுக்குப் பயமாக இருந்தது. மிச்சமிருக்கும் லூசியனும் அழிந்துவிடுவான்.