இடி எத்தனை மைல்?

அரியாலையிலிருந்து சைக்கிளை மிதித்த மிதியில் தியாகராசாவின் கோபம் ஆறவில்லை, கூடித்தான் போனது.

வீட்டுப் பின்வளவில் ஷெல் குண்டு விழுந்த நாளிலிருந்து அவருடைய மகள் தர்மினிக்குச் சத்தம் என்றாலே ஆகாது. சட்டி மூடி விழுந்தாலும் கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கொம்பியூட்டர் வகுப்பில் இடி விளையாட்டாம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் அவருக்கே தெரியும்.

வகுப்பு வாசலில் நின்று பார்த்தார். பெர்னடெட் ரீச்சர் தானே எழுதிய விளையாட்டு, கொம்பியூட்டரோடு பொருத்திய ரீவிப் பெட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் தர்மினி முதுகு காட்டி இருந்தாள். திரையில் மின்னல் வெட்டியது. பிள்ளைகள் எண்ணினார்கள். பிறகு இடி. ஐந்து எண்ணினால் ஒரு மைல். தூரத்தைச் சரியாகத் தட்டினால், மழையில் நிற்கிற ஆட்டுக்குட்டி கொட்டிலுக்கு வந்துவிடும்.

அடுத்த இடிக்கு ஜன்னலே அதிர்ந்தது போலிருந்தது. தியாகராசாவுக்குப் பொறுக்கவில்லை.

"ரீச்சர், உங்களுக்கு நெஞ்சிலை ஈரம் இல்லையோ? பயந்த பிள்ளைக்கு உந்தச் சத்தத்தையோ விளையாடக் குடுக்கிறது?"

ரீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவர் நின்று கேட்டால்தானே? மகளைத் தூக்கிச் சைக்கிளில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பொழுதுபடுகிற நேரம். மேற்கே வானம் பளிச்சென்றது. வேலியோரம் நின்ற தியாகராசா வீட்டுக்குள் ஓடிக் கட்டிலுக்குக் கீழே குனிந்தார். பிள்ளை இல்லை. அவருக்கு உயிரே போய்விட்டது.

தர்மினி பின்வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பதினைஞ்சு" என்றாள். ஷெல் வெடிக்கிற சத்தம் வந்தது. "மூண்டு மைல், அப்பா. கிட்ட எண்டால் பங்கர்க் குழிக்குள்ளை போவம்."

தியாகராசா அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சத்தத்துக்குப் பயமில்லையா என்று ஒருவாறு கேட்டார்.

"முதல் நாள் ரீச்சர் சத்தமே வைக்கேல்லை. பிறகு நுளம்பு காதுக்குள்ளை இரையிற மாதிரிச் சின்னச் சத்தமா வைச்சவ. நான் சரி எண்டு தலையாட்டினாப் பிறகுதான் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டினவ."

அவருக்கு வெட்கமாகிவிட்டது. நாளைக்கு எந்த முகத்தோடு அந்த வாசலில் போய் நிற்பது?

மகள் அவர் கையைப் பிடித்தாள். அது இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"வீட்டிலை பயப்பிடுற ஆக்களுக்கும் சொல்லிக் குடுக்கச் சொன்னவ ரீச்சர். அடுத்ததை நீங்கள் எண்ணுங்கோ, அப்பா."