ட்ரெவர் பாட்டு

"நான் சாகறதுக்குள்ளயாவது அந்தப் பாட்டோட பேரைச் சொல்லித் தொலைடா!"

நெவில் இசைத்தட்டு மேஜையை மறித்துக்கொண்டு நின்றார். மேஜைக்குப் பின்னால் டிஜே ட்ரெவர் சாவகாசமாக முட்டை சாண்ட்விச் மென்றுகொண்டிருந்தார்.

"எப்ப சாகப் போறே? தேதியைச் சொல்லு, யோசிக்கிறேன்."

இங்கிலாந்தின் ஸ்டோக் நகரத்துச் சுரங்கத் தொழிலாளர் கிளப்பில் ஞாயிறு மத்தியான நடன ஆட்டம். ஒரு காலத்தில் விடிய விடிய ஆடிய கூட்டம்தான். இப்போது நடுவில் தேநீர் இடைவேளை விடுகிறார்கள். இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய் மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். வழுக்கி ஆடுவதற்குத் தரையில் பவுடர் தூவுவார்கள், அதையும் கிளப் தடை செய்துவிட்டது. அந்தக் கால அகலக் கால்சட்டை மட்டும் மாறவில்லை. அதற்குள் இருக்கும் இடுப்புதான் மாறிவிட்டது.

அந்தக் காலத்தில் நெவிலும் டிஜேதான். அமெரிக்காவில் எவனும் சீந்தாத, கறுப்பினப் பாடகர்களின் பழைய 'ஸோல்' இசைத்தட்டுகளைத் தேடிப் பிடிப்பதும், மற்றவன் கண்டுபிடித்துவிடாதபடி பெயரின் மேல் வெள்ளைக் காகிதத்தை ஒட்டிப் போடுவதும்தான் அவர்களுக்குக் கௌரவம். நெவில் மறைத்ததையெல்லாம் ட்ரெவர் ஒரே மாதத்தில் கண்டுபிடித்துவிடுவார். ட்ரெவர் மறைத்த ஒன்றே ஒன்றை மட்டும் நெவிலால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதில் பாடுகிறவன் வாயிலிருந்து வரும் ஒரே வார்த்தை 'பேபி'. அதை வைத்துக்கொண்டு எங்கே போய்த் தேடுவது? கடைசியில் ஊர் முழுக்க அதற்கு 'ட்ரெவர் பாட்டு' என்றே பெயராகிவிட்டது.

அதற்காக நெவில் மூன்று முறை அமெரிக்காவின் டெட்ராய்ட் வரை போய் வந்தார். அதில் ஒன்று தேனிலவு.

"இசைத்தட்டுக் கடை நிலவறையில எலியோட உக்காந்து தட்டுத் தட்டாத் துடைச்சேன்" என்று அவர் மனைவி பாலின் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். "எலிகூட என்னைப் பரிதாபமாப் பாத்துச்சு."

ஒவ்வொரு முறை திரும்பும்போதும் விமான நிலையத்தில் முதல் ஆளாக ட்ரெவர் நிற்பார். "கிடைச்சுதா?" என்று பல்லைக் காட்டுவார். கேலி செய்யத்தான் வருகிறான் என்று நெவில் பெட்டியை இழுத்துக்கொண்டு விலகிப் போவார்.

போன கோடையில் ஒரு பெண் கைபேசியை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினாள். எந்தப் பாட்டானாலும் நொடியில் பெயரைச் சொல்லிவிடுமாம். நெவில் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ட்ரெவரும் மேஜையை விட்டு ஓடிவந்து எட்டிப் பார்த்தார். கைபேசி கையை விரித்துவிட்டது.

"மெஷினுக்கே தெரியலையா!" என்றார் ட்ரெவர். அன்றோடு நெவிலுக்குக் கைபேசியின் மேலிருந்த மரியாதை போயிற்று.

இப்போது ட்ரெவர் செவ்வாய்க்கிழமை ஸ்பெயினில் இருக்கும் மகளிடம் ஒரேயடியாகப் போகிறார். இன்றைக்கு விட்டால் இனி இல்லை.

"நாப்பது வருஷமா கேக்கறேன். மனுஷனாடா நீ?"

ட்ரெவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "சரி. பழைய மாதிரி சுத்திட்டு மல்லாந்து விழுந்து, தாளம் தப்பாம எழுந்திரு. சொல்றேன்."

பாலின் அலறினாள். "நெவில்! அது இரும்பு முட்டி! வெச்சே இன்னும் வருஷம் திரும்பலை!"

"நீ இதைப் பிடி" என்று நெவில் பல்செட்டைக் கழற்றி அவள் கையில் வைத்தார். "பாத்தைப் போதுதா!" என்று பொக்கை வாயால் கத்தினார்.

ட்ரெவரின் முகம் வெளுத்தது. "டேய், சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டா. வேணாம், உக்காரு."

"போது!"

வேறு வழியில்லாமல் ட்ரெவர் இசைத்தட்டில் முள்ளை வைத்தார். கூட்டம் வட்டமாக விலகிக் கைதட்டியது. நெவில் ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டாவது சுற்றில் அறையும் கூடவே சுற்றியது. கைகளைப் பின்னால் ஊன்றி, இளமையில் விழுந்த அதே அழகோடு மல்லாந்து விழுந்தார்.

எழ வேண்டிய தாளம் வந்தது, போயிற்று. அடுத்ததும் வந்தது, போயிற்று. நெவில் கவிழ்த்துப் போட்ட கரப்பான் போலக் காலை உதைத்துக்கொண்டிருந்தார். புது அடவு என்று நினைத்து இரண்டு பேர் பக்கத்திலேயே படுத்து உதைத்தார்கள். பிறகு அவர்களாலும் எழ முடியவில்லை.

பாட்டை நிறுத்தி, நாலு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள். நெவில் பல்லை வாங்கி மாட்டிக்கொண்டு நொண்டியபடியே மேஜைக்கு வந்தார்.

"எழுந்துட்டேன். சொல்லு."

"தாளம் தப்பிடுச்சே..." என்று இழுத்தார் ட்ரெவர்.

"சொல்லுடா!" என்று கூட்டமே கத்தியது.

ட்ரெவருக்கு வியர்த்துக் கொட்டியது. "அந்தத் தட்டை வாங்கி, கடை வாசல்ல நின்னு பேரைப் படிக்கலாம்னு எடுக்கறேன், எதிர்ல நீ வர்றே. பதற்றத்துல ரெண்டு பக்கமும் பசையைத் தடவிக் காகிதத்தை ஒட்டிட்டேன். அப்புறம் வீட்டுல வந்து உரிச்சா, அச்சடிச்சதும் சேர்ந்து கூழா வந்துடுச்சு."

"அப்படின்னா?"

"எனக்கும் தெரியாதுடா! நீயாவது பேரைக் கண்டுபிடிச்சுட்டு வருவியான்னுதானே ஒவ்வொரு தடவையும் ஏர்போர்ட்ல வந்து காத்துக் கிடந்தேன்!"